நகல் எடுத்தாச்சா?

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? போன் செய்தால் சிக்னல் சரியில்லை என்பாய். அதனால்தான் கடிதம்.

செய்தி இதுதான். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறை வேலையை விட்டுவிட்டேன். பைபிள் மொழிபெயர்ப்புக் குழுக்களுக்குக் கம்ப்யூட்டர் உதவி செய்யப் போகிறவர்களுக்கு இங்கே மூன்று மாதப் பயிற்சி நடக்கிறது. நான் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் உன் மலைக்கு வந்து, உன் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்து, நீங்கள் இரண்டு வருஷம் பாடுபட்டு மொழிபெயர்த்த லூக்கா சுவிசேஷம் முழுவதையும் அழித்தவளுக்கா இந்த வேலை என்று கேட்பாய். நானும் தினமும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு நீளமான அறையில் பன்னிரண்டு பேர். ஜன்னல் ஓரம் வரிசையாகப் பழைய லேப்டாப்புகள், எங்களுக்காகவே வேண்டுமென்று கெடுத்து வைத்தவை. சொல்லித்தருகிறவர் முன்பு லாரி மெக்கானிக்காக இருந்தவர். மெக்கானிக் சார் என்றே கூப்பிடுகிறோம். முதல் நாள் முழுவதும் கீபோர்டைத் தொடவே விடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்கப் பழகுங்கள் என்றார். மெஷின் பேசாது, அதன் முன்னால் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பவர்தான் பேசுவார் என்பது அவருடைய பாடம்.

அம்மா சித்தி வீட்டில் இருக்கிறாள். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளாம், சித்தி சொன்னாள். மனமிருந்தால் பதில் போடு.

உன் தங்கை,
சின்னு


பிப்ரவரி 3

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தேவகிருபையால் நலம். வாரம் ஒருமுறை மேலே ஏறி வருகிற வண்டியில்தான் தபால் வரும். போன வாரம் பாதை சரிந்துவிட்டதால் அதுவும் வரவில்லை.

ரோமர் நிருபம் பாதி முடிந்திருக்கிறது. நாலு பேர், ஒரு மேசை, ஓயாத சண்டை. இந்த மலை மக்களின் மொழியில் காத்திருப்பதற்கு மட்டும் மூன்று சொற்கள் இருக்கின்றன. வருவார் என்று தெரிந்து காத்திருப்பது வேறு, தெரியாமல் காத்திருப்பது வேறு. எதைப் போடுவது என்று மூன்று நாள் போனது.

எந்த வேலைக்குப் போவது என்பது உன் இஷ்டம். உன்னை யாரும் குறை சொல்லவில்லை. நானும் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.

அம்மாவைக் கவனித்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

ஒன்றும் சொன்னதில்லை என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. ஆறு வருஷமாக அம்மாதான் நம் இருவருக்கும் நடுவில் சேதி கொண்டுபோய்ச் சேதி கொண்டுவருகிறாள்.

இந்த வாரம் நடித்துப் பழகும் பாடம். மெக்கானிக் சார் மொழிபெயர்ப்பாளராக நடிப்பார், நாங்கள் ஒவ்வொருவராக உதவிக்குப் போக வேண்டும். என் முறை வந்தபோது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, எல்லாம் போச்சு என்றார். நான் நேராகப் போய் மவுஸைப் பிடித்தேன். கையைத் தட்டிவிட்டார்.

"தொடுறதுக்கு முன்னால என்ன கேக்கணும்?"

"நகல் எடுத்தாச்சான்னு கேக்கணும்" என்றது வகுப்பு முழுவதும்.

"ஆச்சுன்னு சொன்னா போதுமா?"

"போதாது. திறந்து பாக்கணும்."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வெளியே வந்து தண்ணீர்க் குழாய் பக்கம் நின்றேன். அவர் பின்னாலேயே வந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நீங்கள் கேட்டீர்களா என்று மட்டும் கேட்டார்.

கேட்டேன்தானே அக்கா? எல்லாம் பென்டிரைவில் ஏற்றியாச்சா என்று நான் கேட்டதாகவும், நீ அடுப்படியிலிருந்து பதில் சொன்னதாகவும்தான் எனக்கு ஞாபகம். ஆனால் தப்பித்துக்கொள்ள நானே கட்டிவிட்ட கதையோ என்று ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. அதனால் யாரிடமும் சொன்னதில்லை.

இன்னொன்று. பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவரையும் ஒரு குழுவிடம் ஒரு மாதம் அனுப்புகிறார்கள். என் பெயருக்கு நேரே உங்கள் குழு இருக்கிறது. நான் கேட்டு வாங்கவில்லை. நீ வேண்டாம் என்றால் மாற்றித் தருவதாக மெக்கானிக் சார் சொல்லியிருக்கிறார். மார்ச் முடிவதற்குள் சொல்ல வேண்டும்.

சின்னு


மார்ச் 12

சின்னு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. நாலு தடவை எழுதி எழுதிக் கிழித்தேன்.

நீ கேட்டாய். நான் அடுப்படியில்தான் இருந்தேன், நீ கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. "பாத்தாச்சு, எல்லாம் இருக்கு, நீ அழி" என்றேன். நான் பார்க்கவேயில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு பென்டிரைவைச் செருகினேன், பாதியில் கரண்ட் போய்விட்டது. அதற்குப் பிறகு அதைத் திறந்து பார்க்கச் சோம்பல். அவ்வளவுதான், சோம்பல்.

மறுநாள் குழுவின் முன்னால், தங்கை தெரியாமல் அழித்துவிட்டாள் என்று வாயில் வந்துவிட்டது. சொன்னதைத் திரும்ப எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் அந்த வார்த்தை ஞாபகம் வரும் என்று உன்னைப் பார்ப்பதையே விட்டேன். நான் கோபமாக இருக்கிறேன் என்று நீ நினைத்துக்கொண்டாய். அதுவும் எனக்கு வசதியாகப் போயிற்று. கோபம் ஒரு நாளும் இருந்ததில்லை. வெட்கம்தான்.

திங்கட்கிழமை குழுவிடம் உண்மையைச் சொன்னேன். எங்கள் நாலு பேரில் ஒருவர் தச்சர், காலையில் மொழிபெயர்ப்பு, மதியத்துக்குமேல் மர வேலை. மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் மட்டும், அந்தப் பெண்ணிடம் சொல்லியாச்சா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

"அப்புறம் எங்ககிட்ட ஏன் முதல்ல சொல்றீங்க?"

அதனால்தான் இந்தத் தடவை எழுதியதைக் கிழிக்கவில்லை.

லூக்காவைத் திரும்பச் செய்து முடித்துவிட்டோம், உனக்குத் தெரியும். பிறந்த குழந்தையைப் பார்க்க மேய்ப்பர்கள் வருகிற இடம் மட்டும் முதல் தடவை வந்த மாதிரி வரவில்லை. அதையும் இனி நீ சுமக்க வேண்டாம்.

வா என்று கூப்பிட எனக்கு என்ன உரிமை? வர மனமில்லை என்றால் புரிந்துகொள்வேன்.

அக்கா


மார்ச் 24

அக்கா,

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் உன்னைத் திட்டிக்கொண்டே நடந்தேன். என்னவெல்லாம் திட்டினேன் என்று எழுதினால் உங்கள் வண்டிக்காரர் இந்தக் கவரைத் தொடமாட்டார். ஆறு வருஷம் அக்கா. உன் பிறந்தநாளுக்குப் போன் செய்யலாமா வேண்டாமா என்று ஆறு தடவை அம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.

திட்ட வேறொன்றும் மிச்சமில்லை என்றானதும் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த பெரியவர், பஸ் போய்விட்டதா அம்மா என்று விசாரித்தார்.

"இல்லைங்க, எனக்கு ஞாபகம் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு அதுதான் பெரிது. நான் கேட்டிருக்கிறேன். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து போன மாதிரி இருக்கிறது. நேற்று ஒரு லேப்டாப்பை முழுக்க அழித்துத் திரும்ப ஏற்றும் தேர்வு. நகலைத் திறந்து பார்த்தேன், இரண்டாவது நகலையும் திறந்து பார்த்தேன், அழித்தேன். மெக்கானிக் சார் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அவர் அப்படிப் போனால் பாஸ் என்று அர்த்தம்.

அம்மாவிடம் நான் சொல்லப்போவதில்லை. அதை நீயே உன் வாயால் சொல்.

ஏப்ரல் மூன்றாம் தேதி வண்டியில் வருகிறேன். கோபம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. இறங்கியதும் ஒருமுறை கத்துவேன், எல்லோர் முன்னாலும் கத்துவேன், வாங்கிக்கொள். அப்புறம் சாப்பிடலாம். எட்டு மணி நேரப் பயணம், பசியோடுதான் வருவேன்.

உன்
சின்னு