பதினொரு கத்திகளின் பட்டியல்

நோன்பு பிறை 9, புதன்

வேலை முடிந்து வந்து அலுமாரியைத் திறந்தேன். கத்திப் பெட்டியைக் காணவில்லை. மனைவி கஞ்சியைக் கிண்டியபடியே சொன்னாள்: "நானாட்ட குடுத்தனுப்பிட்டன், களப்புல போடச் சொல்லி. முன் தெருவுல ஆமி வீடு வீடா செக் பண்ணுது. இனி ஒண்டும் கதைக்காதீங்க."

பதினொன்றும் வெள்ளைக்காரன் ஆமியின் மடக்குக் கத்திகள். பழைய சாமான் கடைகளில் பதினேழு வருடம் தேடிச் சேர்த்தவை. பாதி, துருவேறித் திறக்கவே வராது. ஆனால் ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த பிறகு, எங்களைப் போன்ற முஸ்லிம் வீட்டில் துருப்பிடித்த கத்தியும் ஆயுதம்தான். அவளைக் குறை சொல்லவும் முடியாது.

நோன்பு திறந்த பிறகு அவளுடைய நானா, என் மச்சான், வந்தார். உச்சமுனைத் தீவுக்குத் தோணியில் போகிற வழியில் களப்புத் தண்ணீரில் போட்டுவிட்டாராம். பிறகு இடுப்பிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். பின்பக்கம் தடித்த ஊசி வைத்த, 1943 என்று பொறித்த கத்தி.

"கயிறு முடிச்சு அவிழ்க்க நல்லம் மச்சான். இத மட்டும் வெச்சிக்கிட்டன்."

தினமும் நேவிக் காவலைத் தாண்டித்தான் அவர் தோணிக்குப் போகிறார். அதையும் போட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "உப்புத் தண்ணி படும், எண்ணெய் பூசி வைங்க" என்று வந்தது.

பதினொன்றின் விவரமும் இந்தக் கொப்பியின் கடைசித் தாளில் இருக்கிறது. செக் பண்ண வருகிற ஆமிக்காரர்கள் அதைப் பார்த்தால் கத்திகள் எங்கே என்று கேட்பார்கள். கிழிக்கப் பார்த்தேன். தைத்த கொப்பி. கடைசித் தாளை இழுத்தால் முதல் தாளும் கழன்று வருகிறது. அதில்தான் மகள் பிறந்த நேரத்தை எழுதி வைத்திருக்கிறேன்.