சான்ட்ரா நடத்திய அறுபதாம் கல்யாணம்

10 மார்ச் 1998, செவ்வாய்

பூத்தில் இன்று நல்ல கூட்டம். திருக்கடையூரில் முகூர்த்த நாள் என்றால் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தவர்கள் பாதிப் பேர் என் எஸ்.டி.டி. பூத்தில்தான் நிற்கிறார்கள். ரூம் கிடைக்கவில்லை, சமையலுக்கு ஆள் வரவில்லை என்று வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் ஒரே புலம்பல். கேட்டுக் கேட்டுத்தான் யோசனை வந்தது: மண்டபம், மாலை, சாப்பாடு, வீடியோ எல்லாவற்றையும் நாமே பிடித்துக் கொடுத்தால் என்ன? சுடர்விழியும் சேர்ந்துகொண்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து என்னோடு திரிகிறவள். அவள் அப்பாவுக்குச் சமையல் கான்ட்ராக்ட்.

ஆண்டனி மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஞாயிறு பூசைக்குப் போகிற பெண்ணுக்குக் கோயில் விசேஷத்தில் என்ன வேலை, நர்சிங் படித்துவிட்டு குவைத் போ என்கிறார். போக மாட்டேன். போனவர்களுக்காக ஊரில் யாராவது இருக்க வேண்டாமா?

14 மார்ச்

முதல் ஆர்டர்! ஆக்கூர் சேரன், துபாயில் எலெக்ட்ரீஷியன். அப்பா துரைராசுவுக்கு ஜூன் ஒன்றாம் தேதி அறுபது முடிகிறதாம். பெற்றவர்களுக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்ய வேண்டும், வந்து இறங்கி அசத்தப்போகிறாராம். இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு, அதை இதற்காகவே வாங்கிவிட்டார். அவர் கேம்ப்பில் நம்ம பக்கத்து ஆட்கள் நிறைய. நன்றாக நடந்தால் அவர்களும் வருவார்கள். சொதப்பினால் ஒருத்தரும் வர மாட்டார்கள்.

30 மார்ச்

குருக்களிடம் நாள் சொல்லப் போனேன். "நட்சத்திரம்?" என்றார். முழித்தேன். தமிழ் வருஷம், மாதம், நட்சத்திரம் பார்த்துத்தான் அறுபதாம் கல்யாணம் செய்வதாம். எங்கள் வீட்டில் ஞானஸ்நானப் பதிவில் இருப்பதுதான் பிறந்த தேதி. அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. தினமும் கோயிலுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேனே, ஒருத்தரையாவது விசாரித்தேனா? மடச்சி.

2 ஏப்ரல்

ஆக்கூர் போனேன். சேரனின் அம்மா அம்சவல்லி களத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். ஜோசியம் பழகுகிறேன் என்று ஒரு புளுகு விட்டு, வீட்டுக்காரர் நட்சத்திரம் கேட்டேன். ரோகிணியாம். வருஷம் சரிதான், ஆனால் ஐப்பசி அடைமழையில் பிறந்தாராம். அப்படியானால் ஜூன் ஒன்று? சிரித்துவிட்டார்.

"அது பள்ளிக்கூடத்துல சேக்குறப்ப வாத்தியாரு போட்ட தேதிம்மா. இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு அதான் பொறந்தநாளு."

ஐயோ. அஞ்சு மாசம் தள்ளிப் போகுதே. சேரன் டிக்கெட்டே போட்டுட்டாரே!

3 ஏப்ரல்

ஜூனிலேயே முடித்துவிடு என்கிறாள் சுடர்விழி. பிள்ளை ஆசையாக வந்து நிற்கும்போது பெற்றவர்கள் குறுக்கே பேச மாட்டார்களாம். உண்மைதான், பேச மாட்டார்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

துபாய்க்குப் போட்டேன். சொல்லிட்டேன். முதல் நாளே கேட்டிருக்கணும், தப்பு என்னுதுன்னும் சொன்னேன். "லீவுக்கு எத்தன பேரு கால்ல விழுந்தேன் தெரியுமாங்க?" என்று கத்தினார். வைத்துவிட்டார்.

4 ஏப்ரல்

அழுதேன். பூத்தைத் திறந்தேன்.

3 மே, ஞாயிறு

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு எங்கள் சர்ச் பங்கில் கூட்டம். சுயதொழில் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். சேரனிடமிருந்து ஒரு மாதமாகச் சத்தமே இல்லை, நான் எதைப் பேச? நடந்ததையே சொன்னேன். ஊரில் எதற்குப் புலம்புகிறார்களோ அதைக் காது கொடுத்துக் கேளுங்கள், அங்கே ஒரு தொழில் இருக்கிறது. ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரி செய்யாதீர்கள். நான் செய்தேன், முதல் ஆர்டர் போயிற்று.

பிரின்ஸி என்ற பெண் எழுந்து, பின்னே ஏன்க்கா இன்னும் விடலை என்றாள்.

"எங்க தப்பு பண்ணேன்னு இப்பத்தானே தெரிஞ்சிருக்கு. இப்ப விட்டா அதுவும் வீணாப் போயிடுமே."

கைதட்டினார்கள். மாமா தட்டவில்லை, எழுந்து போகவும் இல்லை. தோற்ற கதையைச் சொல்லிவிட்டு இவ்வளவு நிமிர்ந்து வீட்டுக்கு நடந்தவள் நானாகத்தான் இருப்பேன்.

19 மே

சேரன் பேசினார்!! அம்மாவிடமே கேட்டுவிட்டாராம். கெஞ்சிக் கூத்தாடி லீவை நவம்பருக்கு மாற்றிக்கொண்டார். "நீங்க சொல்லலைன்னா எங்கப்பாவ அஞ்சு மாசம் முன்னாடியே அறுபதாக்கியிருப்பேங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

6 நவம்பர், வெள்ளி

ஐப்பசி ரோகிணி. விடியற்காலையிலிருந்து மழை. வேன் தாமதம், வீடியோக்காரர் கேமராவுக்குக் குடை கேட்டார், சுடர்விழி வீட்டுச் சாம்பார் மட்டும் நேரத்துக்கு வந்தது. சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து தம்பதி தலையில் கலசத் தண்ணீர் ஊற்றினார்கள். நான் தூணோரம் நின்றேன். துரைராசு ஐயா ஈரத் தலையைத் திருப்பித் தேடினார்.

"நாளு சொன்ன பொண்ணு எங்க? வந்து ஊத்தும்மா."

கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு போய் ஊற்றினேன். அம்சவல்லி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பெருமை தாங்கவில்லை எனக்கு. எழுதிவைக்கிறேன், இதில் என்ன வெட்கம்?

15 நவம்பர்

துபாயிலிருந்து ஒரு ஃபோன். வேம்பு என்றார், சேரன் அறையில் இருப்பவராம். நான் கேட்கும் முன்பே அவராகச் சொன்னார்: "அப்பா நட்சத்திரத்த அம்மாகிட்ட கேட்டு வெச்சிட்டேங்க. என்னிக்குக் கிளம்பி வரணும்னு நீங்க சொல்லுங்க, அப்புறம்தான் லீவு கேப்பேன்."