எட்டுக் கோப்பைத் தண்ணீர்

1998 நவம்பர் 29

அன்புள்ள மிஹரு,

நலமா? தகமட்சுவிலும் குளிர் வந்திருக்கும். நீ அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி வந்து சேர்ந்தது. ஆசிரியர் அறையில் எல்லாரும் உரித்துத் தின்றார்கள். எனக்கு ஒரு சுளைகூட உள்ளே இறங்கவில்லை.

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். என் வகுப்புச் சுசுனா பள்ளிக்கு வந்து இரண்டு வாரமாகிறது. நீயும் மற்ற ஆசிரியர்களும் பார்க்க வந்திருந்த திறந்த வகுப்புக்கு மறுநாளிலிருந்தே வரவில்லை. முதல் நான்கு நாள் அவள் அம்மா காலையில் போன் செய்து வயிற்றுவலி என்றார். இப்போது, "இன்னிக்கும் வர மாட்டாளாம், டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்.

சன்னலோரம் மூன்றாவது இருக்கை, உடோன் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண், நினைவிருக்கிறதா? நான்கு கோப்பை கெட்டிச் சாறுக்கு ஆறு கோப்பைத் தண்ணீர் சேர்த்தால் உடோன் சாறு. கெட்டிச் சாறு ஆறு கோப்பை என்றால், அதே ருசிக்கு எவ்வளவு தண்ணீர்? இங்கே இரண்டு கூடியதால் அங்கேயும் இரண்டு கூட்டி, கரும்பலகையில் 'எட்டு' என்று எழுதினாளே, அவள்தான். அந்த எட்டை வைத்துத்தான் வகுப்பு அரை மணி நேரம் வாதாடி, நான் ஒரு வார்த்தை சொல்லாமலே ஒன்பதைக் கண்டுபிடித்தது. சுவரோரம் நின்ற அறுபது ஆசிரியர்களும் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு நடந்த கலந்துரையாடலில் நீ எழுந்து, "அந்த எட்டு இல்லைன்னா இன்னிக்குப் பாடமே இல்ல" என்றாய். இருபத்திரண்டு வருஷ வேலையில் அன்றைக்குப் போல நான் பூரித்துப்போனதில்லை.

அதனாலா வரவில்லை? வீட்டில் வேறு ஏதாவதா? தலைமையாசிரியர் வாய் திறந்து கேட்பதில்லை, தினமும் என் முகத்தைப் பார்க்கிறார். ஏதாவது சொல், மிஹரு. உன்னைத் தவிர நான் யாரிடம் கேட்பேன்?

உன்
சிகுசா


1998 டிசம்பர் 5

என் அருமை சிகு,

உன் கடிதம் கண்டு மனம் கலங்கியது. முதலில் சாப்பிடு. ஆரஞ்சு அனுப்பியது ஊராருக்கு அல்ல, உனக்கு.

பன்னிரண்டு வயதுப் பெண் பள்ளிக்கு வராமல் இருக்க நூறு காரணம் இருக்கும். எல்லாவற்றையும் உன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்வது உனக்குக் கல்லூரி நாளிலிருந்தே வழக்கம். அந்த வகுப்பு நன்றாக நடந்தது. அன்று எடுத்த ஒளிநாடாவை இதுவரை நான்கு ஊர்களில் ஆசிரியர்களுக்குப் போட்டுக் காட்டிவிட்டேன். குறுக்கே பெருக்கு, வகு என்று சூத்திரத்தை ஊட்டியே பழகியவர்கள், குழந்தைகள் தாங்களே தேடிக் கண்டுபிடிப்பதை முதல்முறை பார்க்கிறார்கள். ஓய்வுபெற மூன்று வருஷமே இருக்கும் ஒருவர் என்னிடம் வந்து, "இத்தன வருஷம் நான் பசங்கள யோசிக்கவே விடல போலிருக்கே" என்றார்.

மார்ச்சில் எங்கள் அலுவலகத்தின் ஆசிரியர் கையேடு வருகிறது. உன் வகுப்புதான் முதல் அத்தியாயம். பெயர் வராது, 'குழந்தை அ' என்று போடுவோம். அவளுடைய நோட்டில் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து அனுப்புகிறாயா? அச்சுக்குச் சீக்கிரம் வேண்டும்.

ஒரு தடவை அவள் வீட்டுக்குப் போய் வா. அப்படியே ஒரு கிண்ணம் உடோனும் சாப்பிடு.

என்றும் உன்
மிஹரு


1998 டிசம்பர் 20

மிஹரு,

போனேன். கடை மதியத்தோடு மூடும் நேரம். அவள் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து வணங்கினார், தப்பு செய்தவர் அவர்தான் என்பதுபோல. மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். வர மாட்டாள் என்றே நினைத்தேன். வந்தாள். எதிரில் உட்கார்ந்து, நான்காய் மடித்த ஒரு தாளை மேசைமேல் வைத்தாள்.

அன்றைய வகுப்புக்கு நாம் எழுதிய பாடத்திட்டம். அன்று வந்தவர்களுக்கு நாம் கொடுத்த பிரதிகளில் ஒன்று. யாரோ பள்ளி வாசலில் செருப்பு அலமாரிமேல் விட்டுப் போயிருக்கிறார்கள். வகுப்பின் இருக்கை வரைபடம், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர், பெயருக்குக் கீழே நம் குறிப்பு. அவள் கட்டத்தில்: 'கூட்டிச் சொல்லித் தவறுவாள். இவளை முதலில் அழைக்கவும்.'

"இது முந்தின நாளே அடிச்சதா, டீச்சர்?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"நான் அழிச்சிட்டிருந்தேன். எட்டு ஊத்தினா கெட்டியா இருக்கும்னு எனக்குத் தெரியும். கடையில தினம் நான்தானே கலக்குறேன். ரப்பர் கையில இருக்கும்போது நீங்க வந்து, அழிக்காத, அப்படியே போய் போர்டுல எழுதுன்னு சொன்னீங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். அவள் அம்மா உள்ளே குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தார், நாங்கள் பேசுவது காதில் விழாமல் இருக்க.

மிஹரு, திட்டம் போட்ட அன்று, "யாரு கூட்டிச் சொல்லுவா?" என்று நீ கேட்டாய். நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் சுசுனா என்றேன். நீ எழுதிக்கொண்டாய். ஆறு வருஷமாக எங்கள் பள்ளியில் இருக்கும் குழந்தை. அவள் கடையில் என்ன வேலை செய்கிறாள் என்று ஒரு நாள் கேட்டதில்லை நான். அவள் தானாகவே சரியான விடைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நமக்குத் தவறு தேவைப்பட்டதால் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

குழந்தைகள் நோட்டுப் பக்கம் போகவே முடியவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று நினைக்கிறேன். விட்டால் அவள் அதற்கும் தான்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வாளோ என்று பயமாக இருக்கிறது. எனக்கு வழி தெரியவில்லை.

நோட்டுப் பிரதி அனுப்ப மாட்டேன்.

சிகுசா


1999 ஜனவரி 10

என் சிகு,

புத்தாண்டு வாழ்த்து சொல்லும் மனநிலையில் நீ இருக்க மாட்டாய். நானும் இல்லை.

விடுமுறை முழுக்க அந்த ஒளிநாடாவைத்தான் பார்த்தேன். பதினோராவது நிமிடம். நீ மேசைகளுக்கு நடுவே நடந்து வருகிறாய். சுசுனாவின் வலது கை நோட்டின்மேல் முன்னும் பின்னும் போகிறது. ரப்பர் தெளிவாகத் தெரிகிறது. நீ குனிகிறாய், கை நிற்கிறது. ஆறு ஊர்களில் முந்நூறு ஆசிரியர்களோடு உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும் படவில்லை. நான் எதிர்பார்த்த தவறு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. தனியாக உட்கார்ந்து அழுதேன், சிகு. உன்னை நான்தான் அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். மன்னித்துவிடு.

யோசித்துப் பார்த்தேன். முதல் அத்தியாயத்தை முழுதாக மாற்றி எழுதப்போகிறேன். நாம் எங்கே சறுக்கினோம் என்பதையே பாடமாக வைத்தால் எத்தனை ஆசிரியர்கள் விழித்துக்கொள்வார்கள்! அந்தப் பதினோராவது நிமிடத்தைப் படமாகப் போட வேண்டும். முகத்தை மறைத்துவிடலாம். அவள் அம்மாவிடம் நீ ஒரு வார்த்தை அனுமதி கேட்டு வாங்கித் தருவாயா? நீ கேட்டால் மறுக்க மாட்டார். சுசுனாவே இரண்டு வரி எழுதித் தந்தால் இன்னும் நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
மிஹரு


1999 பிப்ரவரி 11

மிஹரு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நீ அழுதது உண்மை என்று எனக்குத் தெரியும். அடுத்த பத்தியிலேயே அவள் கையின் படத்தைக் கேட்டதும் உண்மை.

அவள் அம்மாவிடம் நான் கேட்கவில்லை. கேட்க மாட்டேன். கையேட்டில் எங்கள் பள்ளி எந்த வகையிலும் வரக்கூடாது என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன். அவர் உங்கள் அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார். ஒளிநாடாவை இனி யாருக்கும் போட்டுக் காட்டாதே.

வகுப்பில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். சுசுனாவை நான்தான் அழிக்க விடவில்லை, எனக்குத் தவறான விடை வேண்டியிருந்தது என்றேன். பிறகு முதல் வரிசையில் இருக்கும் கனோ, "அப்ப என் பேருக்குக் கீழ என்ன எழுதியிருந்தீங்க, டீச்சர்?" என்று கேட்டாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள், ஒவ்வொருவருக்கும் சொன்னேன். அந்த மணி முழுக்க அதற்கே போயிற்று. மறுநாள் கணக்குப் பாடத்தில் ஒரு கைகூட உயரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

உன் வழி தவறு என்று நான் சொல்லவில்லை. இப்போதும் கணக்கைக் கொடுத்துவிட்டுக் காத்துக்கொண்டுதான் நிற்கிறேன். முன்பு எதற்காகக் காத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். இப்போது தெரியவில்லை, அவ்வளவுதான். சில நாள் அந்த அமைதியில் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன்.

நீ இனி என் வகுப்புக்கு வர வேண்டாம். என்னை உன் கூட்டங்களுக்கும் அழைக்காதே. இதை எழுத எனக்குக் கோபம் தேவைப்படவில்லை என்பதுதான் அதிகமாக வலிக்கிறது. இருபத்திரண்டு வருஷம் நீ ஒருத்தி இருக்கிறாய் என்ற தைரியத்தில் வேலை பார்த்தவள் நான்.

செவ்வாய்க்கிழமை சுசுனா வந்தாள். வகுப்புக்கு அல்ல, முதலுதவி அறைக்கு. ஒரு மணி நேரம் இருந்தாள். செவிலியர் வெளியே போனதும் என்னிடம் ஒன்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவள் என்ன கேட்டாள் என்று உனக்கு எழுத மாட்டேன்.

சிகுசா