எல்லாம் ஏன் என் பெயரில்?

அன்பு ராசண்ணா,

தீவன மில் வழக்கம்போல் ஓடுகிறது. எருமப்பட்டி வண்டிகள் காலையிலேயே வந்து கோழித்தீவனம் ஏற்றிப் போகின்றன. நான் மட்டும் நேற்றுவரை கம்ப்யூட்டர் அறையில் உங்கள்மேல் சந்தேகத்தோடு உட்கார்ந்திருந்தேன். போய்ச்சேர்ந்தவரைச் சந்தேகப்படலாமா என்கிறீர்களா? காரணத்தைக் கேளுங்கள்.

உங்கள் காரியம் முடிந்த மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். "என்னங்க அம்மணி, ராசு பேர்ல இருந்த புரோகிராம் பூராவும் உங்க பேருக்கு மாறியிருக்குது. எப்ப மாத்துனீங்க?"

"நான் தொடவே இல்லைங்க."

"அப்பறம் பேயா மாத்துச்சு?"

வேலை போய்விடும் என்று பயந்துவிட்டேன். தேடியபோது நீங்கள் எழுதிய ஒரு சின்னப் புரோகிராம் அகப்பட்டது. உங்கள் பெயரில் கம்பைல் ஆகி, மிஷின் ஓட்டும் வடிவில் இருந்த எல்லாவற்றையும் அதுவே தேடிப் பிடித்து, மறுபடி கம்பைல் செய்யாமலே, ஒவ்வொன்றுக்கும் என்னை உரிமையாளராக்கியிருக்கிறது. அதை நீங்கள் ஓடவிட்டது, சேலத்தில் கல்யாணம் என்று லீவு போட்டதற்கு முந்தின நாள்.

என்ன தில்லுமுல்லு செய்துவிட்டு என் தலையில் கட்டினீர்கள்? மக்காச்சோளம், உப்பு, மருந்து என்று கலவைக் கணக்கை வரிவரியாகப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. அது என் சந்தேகத்தை இன்னும் கிளறியது. குற்றமே இல்லாத மனிதர் எதற்கு ஒளித்துச் செய்ய வேண்டும்?

நேற்று மேனேஜரே தயங்கித் தயங்கிச் சொன்னார். "ராசு தவறுன அன்னைக்கே அவரு லாகினை அழிச்சுட்டேனுங்க. அவரு பேர்ல இருக்கறதையும் சேத்து அழிக்கட்டுமான்னு மிஷின் கேட்டுச்சு. ஆமான்னு தட்டிட்டேன்."

வேலையை விட்டு யார் போனாலும் அவர் அப்படித்தான் தட்டுவார் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் பெயரிலேயே விட்டிருந்தால் கலவைப் புரோகிராம் அன்றே போயிருக்கும், பண்ணைகளில் கோழிகள் பட்டினி கிடந்திருக்கும்.

சரி, என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் எதற்கு என்று கேட்டிருப்பேன். சேலத்தில் கல்யாணம் இல்லை, ஆஸ்பத்திரி என்பது வெளியே வந்திருக்கும். அண்ணி சொல்லித்தான் எனக்கே தெரியும். மிஷினை நம்பிச் செய்த ஏற்பாட்டை, பக்கத்து நாற்காலியில் இருந்தவளை நம்பிச் சொல்ல முடியவில்லையா?

உங்கள் புரோகிராமையே, அதிலுள்ள பெயர்களை மட்டும் மாற்றி, இன்று திரும்ப ஓட்டப்போகிறேன். இனி எல்லாம் யார் பெயரிலும் இல்லாமல் மில்லின் பொதுப் பெயரில் இருக்கும். எனக்கு ஏதாவது வந்தால் கல்யாணம் என்று சொல்லமாட்டேன் அண்ணா, ஆஸ்பத்திரி என்றே சொல்லிவிட்டுப் போவேன்.

இன்னும் கோபம் தீராத,
உங்கள் தங்கை சாந்தி