ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிய டிரைவ்

வியாழன், இரவு

குமாரபாளையத்தில், நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில்லில் மோட்டாரை ஓட்டும் டிரைவ் சூடேறி மறுபடியும் நின்றுவிட்டது. கொழுந்தனாரோடு போய் மின் பேனல் பெட்டியைத் திறந்தேன். நான் அருகருகே வரைந்திருந்த இரண்டு டிரைவையும், சின்னப் பெட்டியில் அடக்குவதற்காக அவர் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டியிருக்கிறார். கீழே இருப்பதன் சூடு நேராக மேலே இருப்பதற்குள் போகிறது.

"ஏனுங்க, யாரு போட்ட டிராயிங்குங்க இது?" என்றார் மில்காரர்.

"அண்ணி போட்டதுங்க" என்றார் கொழுந்தனார், கூசாமல்.

டிராயிங் என் பையில்தான் இருந்தது. குடும்பத் தொழிலாயிற்றே என்று எடுக்கவில்லை.

திரும்பும்போது காரில், "கோவிச்சுக்காதீங்க அண்ணி. பொம்பள செஞ்ச தப்புன்னா யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க" என்றார்.

உண்மைதான். கிளம்பும்போது மில்காரர், "பரவால்லைங்க, போகப் போகப் பழகிக்குவீங்க" என்று சிரித்து, என்னை மன்னித்துத்தான் அனுப்பினார். பதினெட்டு வருடமாகப் பேனல் வரைகிறேன். தலையாட்டிவிட்டு வந்தேன்.