தண்ணீர் கலக்காமல் ஊற்றிய அன்ரிபிறீஸ்

நண்பரே,

இன்று காலை எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில், யாருடையதோ ஒரு பழைய காரின் கீழே பச்சை நிறத்தில் ஒரு சிறு குட்டை தேங்கியிருந்தது. குனிந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. பாணி காய்ச்சியது போன்ற அந்த இனிய மணமே போதும். எஞ்சினுக்குள் தண்ணீர் உறையாதிருக்க ஊற்றும் அன்ரிபிறீஸ். கசிவைப் பற்றிப் பராமரிப்பாளருக்கு ஒரு குறிப்பு எழுதி, திகதியிட்டு, அவருடைய கதவின் கீழே தள்ளிவிட்டு வேலைக்குப் போனேன். பகல் முழுவதும் உம்முடைய நினைவாகவே இருந்தது. ஆகவே இதை எழுதுகிறேன்.

எண்பத்து நான்காம் ஆண்டுக் கார்த்திகையில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், நாம் இருவரும் டோர்செட் பார்க்கில் ஓர் அப்பார்ட்மென்ட்டைப் பகிர்ந்து வாழ்ந்தோம். ஊரில் பதினொரு வருடம் சட்டத்தரணியாக, ஊரார் வாயில் அப்புக்காத்தராக, இருந்த நான், இங்கே ஒரு வாகனத் தரிப்பிடக் கூண்டுக்குள் இருந்து ரிக்கற் கிழித்துக் கொடுத்தேன். திருகோணமலையில் மீனுக்கு ஐஸ் அடிக்கும் ஆலையில் இயந்திரம் பார்த்த உமக்கு, மார்க்கம் நகருக்கு அப்பால் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. மூன்று மாதம் தகுதிகாண் காலம். அது முடிந்தால் நிரந்தர வேலைக்கான கடிதம் தருவார்கள். அந்தக் கடிதம் கையில் வந்தால்தான், கொழும்பில் ஓர் அறையில் காத்திருந்த உமது மனைவியை அழைப்பதற்கான விண்ணப்பத்தைக் கொடுக்க முடியும். களஞ்சியத்துக்குப் பேருந்து போகாது. எனவே பன்னிரண்டு வருடம் ஓடிய ஒரு காரை வாங்கினீர்.

அதை விற்றவர் றேடியேற்றரில் வெறும் தண்ணீர் விட்டே ஓடியிருக்கிறார். வடித்தபோது தேநீர் நிறத்தில் துருத்தண்ணீர் வந்தது. பனிக்காலம் தொடங்குமுன் உறையாத திரவம் ஊற்ற வேண்டும். கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று புதிய அலுமினிய எஞ்சின்களுக்கென்று விலை கூடியது. மற்றது சாதாரணப் பச்சை. கடைக்காரர் காரின் வயதைக் கேட்டார். பழைய இரும்பு எஞ்சினுக்குப் பச்சையே போதும் என்றும், பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்க வேண்டும் என்றும் சொன்னார். உமக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு இல்லை. விற்பவனின் வாய்மொழியை விட அச்சில் உள்ளதையே நம்பிப் பழகியவன் நான். கலனின் முன்பக்கத்தை இரண்டு முறை வாசித்தேன். பாதிக்குக் குறையாமல் பயன்படுத்துக என்றிருந்தது.

அன்று தரிப்பிடத்தில் நடந்த வழக்கு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அந்தத் தண்ணிப் போத்திலை எடும் ஐசே" என்று தொடங்கினீர்.

"பொறும். இதிலை பாதிக்குக் குறையாமல் எண்டுதான் கிடக்கு. கூடினால் பிழை எண்டு ஒரு இடத்திலும் இல்லை."

"அப்புக்காத்தர், உது காணி உறுதியில்லை. எங்கடை ஐஸ் பக்டறியிலை உப்புத் தண்ணிக்கும் ஒரு அளவிருக்கு. உப்புக் கூடினாலும் குழாய்க்குள்ளை இறுகிப்போகும்."

"அது உப்பு. இது வேறை சாமான்."

"சரி, ஊத்தும். கார் நிண்டால் நீர்தான் வந்து தள்ளவேணும்."

என் நியாயம் இதுதான். பதினான்கு நாட்களுக்குக் குறையாத அறிவித்தல் கொடு என்று சட்டம் சொன்னால், இருபத்தெட்டு நாள் கொடுத்தவன் அதன் காரணமாகத் தோற்றதை நான் கண்டதில்லை. ஆகவே ஒரு துளி தண்ணீரும் சேர்க்காமல் ஊற்றினேன். நீர் அதற்கு இணங்கியது என் நியாயத்துக்காக அல்ல. உமக்கு ஆங்கிலம் குறைவு. எனக்கு அது கைவந்தது. அந்த வேறுபாட்டை அன்று நான் பயன்படுத்திக்கொண்டேன் என்பதே சரியான கூற்று.

தை மாதத்தில் ஒரு நாள் குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபத்தைந்து பாகைக்கு இறங்கியது. விடியற்காலை வேலைக்குப் புறப்பட்ட நீர் பாதி வழிகூடப் போகவில்லை. வெப்பமானியின் முள் சிவப்புக்கு ஏறி, மூடியின் கீழிருந்து ஆவி கிளம்பியது. காரை ஓரங்கட்டிவிட்டு மிகுதித் தூரத்தை நடந்தீர். வேலைக்கு ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது. பின்னேரம் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்று சொன்னீர்:

"வெளியிலை உறையுது, உள்ளுக்கை கொதிக்குது. திறந்து பாத்தன். கூழ், ஐசே. ஒடியல் கூழ் மாதிரி இறுகி நிக்குது. ஓடினால்தானே எஞ்சினைக் குளிராக்கும்?"

வெறுங்கலன் பல்கணியில் இருந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒரு சிறு அட்டவணை. எழுபது வீதத்துக்கு மேல் போனால் பாதுகாப்புக் குறையும். தண்ணீர் கலக்காவிட்டால் சாதாரணக் குளிருக்கே தடித்துவிடும். பின்னிணைப்பை வாசிக்காமல் வாதாட எழுந்த கனிஷ்ட சட்டத்தரணிகளை நான் ஏளனம் செய்திருக்கிறேன்.

தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் கொண்டு வரும்படி உமது சூப்பவைசர் சொல்லியிருந்தார். காரணம் பொருந்தாவிட்டால் வேலை அத்துடன் முடியும். உமக்காக நான் எழுதினேன். காரின் வயது, அன்றைய குளிர், திரவத்தின் இயல்பு, பொருத்தமற்ற கலவை என எல்லாம் அதில் இருந்தன. தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னீர். காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டுக் கேட்டீர்:

"எல்லாம் சரி. ஆர் ஊத்தினது எண்டு இதிலை இல்லையே?"

பிழையை ஒப்புக்கொண்டு எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம் என்பது, பதினொரு வருடம் என்னிடம் வந்தவர்களுக்கெல்லாம் நான் சொன்ன புத்தி. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இரண்டே வரி எழுதினேன். ஊற்றியவன் நான், அவர் வேண்டாம் என்று சொன்னார். கீழே என் பெயரையும் முகவரியையும் எழுதிக் கையெழுத்திட்டேன். சூப்பவைசர் அதை வாசித்துச் சிரித்தார் என்று பிறகு சொன்னீர். வேலை தப்பியது. ஆனால் தகுதிகாண் காலத்தை இன்னும் இரண்டு மாதம் நீட்டினார்கள். கடிதம் இரண்டு மாதம் பிந்தியது, விண்ணப்பமும் பிந்தியது.

அந்தச் சனிக்கிழமையே எல்லாவற்றையும் வடித்துவிட்டுப் பாதிக்குப் பாதி ஊற்றினோம். அளந்தவர் நீர். நான் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எண்பத்தாறாம் ஆண்டு ஆவணியில் உமது மனைவியை விமான நிலையத்திலிருந்து ஏற்றி வந்ததும் அதே கார்தான். நீங்கள் மல்வேர்னுக்குக் குடிபோன பிறகு, கூடுமிடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னீர். யாராவது என் கிளாசில் கொஞ்சம் விஸ்கி ஊற்றினால் போதும், மறுபக்கத்திலிருந்து உமது குரல் வரும்: "அவருக்குத் தண்ணி விடாதையுங்கோ, சட்டத்திலை இடமில்லை!" நானும் சிரித்தேன்.

எண்பத்தெட்டாம் ஆண்டு ஆனியில் களஞ்சியத்தின் வாசலிலேயே உமது இதயம் நின்றது. உமக்கு நாற்பத்தொரு வயது. முப்பத்தொன்றாம் நாள் கிரியையில், வந்தவர்கள் சாப்பிட்டு எழும்பிய பிறகு, உமது மனைவியிடம் போய், அன்று ஊற்றியவன் நான் என்றேன். அதுவரை என் வாயால் அவருக்குச் சொன்னதில்லை.

"தெரியும் அண்ணை. அவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்." வாழையிலைகளை ஒன்றன் மேல் ஒன்றாக மடித்து அடுக்கிக்கொண்டே சொன்னார். "அவருக்கு அது பகிடி. எனக்கு ரெண்டு மாதம்."

குரலில் கோபம் இருக்கவில்லை. இந்த நாட்டில் நீங்கள் இருவரும் சேர்ந்து வாழ்ந்தது இருபத்திரண்டு மாதங்கள். தணிக்கும் காரணங்கள் என்னிடம் இருந்தன. விண்ணப்பம் எப்படியும் இழுபட்டிருக்கலாம், குளிர் வழமைக்கு மாறானது, நோக்கம் நல்லது. ஒன்றையும் எடுத்துரைக்கவில்லை. "ஓம்" என்று மட்டும் சொன்னேன். உமது மனைவி தலையை அசைத்துவிட்டு, அடுத்த இலையை எடுத்தார்.

நண்பரே, உங்கள் இருவருக்கும் இல்லாமற்போன அந்த இரண்டு மாதங்கள் என் கணக்கில் இருக்கின்றன. அவற்றைக் குறைத்துக் காட்டும் வாதம் எதையும் நான் தேடுவதில்லை.