பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போறான்

பூன் லே, சிங்கப்பூர்
3 அக்டோபர் 1982

டேய் தங்கராஜு,

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியான்னு கேக்கப் போறதில்ல. ஸீரோ பார்க் பேண்டோட கான்சர்ட் டிக்கெட் கையில வச்சிருக்கிறவன் நல்லாத்தான் இருப்பான்.

உன் லெட்டரை ஃபேக்டரி கேன்டீன்ல வச்சுப் படிச்சேன். என் மூஞ்சியப் பாத்துட்டு ரவூப் பயந்துட்டான். "யாருக்கு என்ன ஆச்சு"ன்னு கேட்டான். விஷயத்தைச் சொன்னேன். அவனும் அப்படியே உக்காந்துட்டான். பெல் அடிச்சதுகூட ரெண்டு பேருக்கும் கேக்கல. சூப்பர்வைசர் வந்து, "யாராவது செத்துட்டாங்களா, இல்லைன்னா எழுந்திரிங்க"ன்னு விரட்டினாரு.

ஒண்ணு மறந்துடாதே. தேக்காவுல அந்த கேசட் கடையில ஸீரோ பார்க்கை முதல்ல கையில எடுத்தது நான். "என்னடா இது, ரேடியோ ரிப்பேர் மாதிரி இருக்கு"ன்னு சொன்னது நீ. இப்ப அந்த ரிப்பேர் ரேடியோவை லண்டன்ல நேர்ல பாக்க நீ போற, நான் ஜூரோங்ல டி.வி. போர்டுக்கு சோல்டர் வச்சுக்கிட்டு இருக்கேன். பொறாமை இல்ல லா. கொஞ்சம் இருக்கு.

அதனால எனக்கு ஒரு வேலை செய். உங்க அக்காவோட சின்ன ரெக்கார்டரை கோட்டுக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போ. பதிவு பண்ணி அனுப்பு. சத்தம் எப்படி வந்தாலும் பரவாயில்ல. சத்தத்துல தெரியாததையும் எனக்குச் சொல்லணும். எத்தனை கீபோர்டு வச்சிருக்காங்க, யாரு எங்க நிக்கிறாங்க, லைட்டு எப்படி, ஒயரெல்லாம் எப்படிப் போகுது, ஒண்ணு விடாம. நம்ம பஸ் பாட்டை வாசிச்சா அதை மட்டும் தனியா கவனி. அந்த வார்த்தை இல்லாத பாட்டை எந்த பஸ்ஸுல வச்சுக் கேட்டோம்னு அவங்களுக்குத் தெரியவா போகுது.

புது நியூஸ். செகண்ட் ஹேண்ட்ல ஒரு கீபோர்டு வாங்கிட்டேன். ரெண்டு கட்டை வேலை செய்யல, அதை நானே திறந்து சரி பண்ணிட்டேன். புக்குல ஒரு மாதிரி போட்டிருக்கான், நான் வேற மாதிரி பண்ணேன், அதுவும் வேலை செய்யுது. அதுல வலது பக்கம் நான், இடது பக்கம் நீ. ஜூன்ல உன் படிப்பு முடிஞ்சு நீ வந்ததும் சர்ச் பேரிஷ் ஹால்ல நம்ம முதல் ஷோ. ஃபாதர்கிட்ட இப்பவே கேட்டுட்டேன். "சத்தம் அதிகமா இருக்குமா"ன்னாரு. இல்லைன்னு சொல்லிட்டேன். ஆண்டவர் மன்னிப்பாரு.

உனக்காக இடது பக்கத்தைக் காலியா வச்சிருக்கும்,
இஞ்ஞாசி


லண்டன்
7 நவம்பர் 1982

அன்புள்ள வயித்தெரிச்சல் இஞ்ஞாசிக்கு,

நேத்து பாத்துட்டேன். இன்னும் காது ஙொய்னு இருக்கு. அக்கா கூப்பிட்டா வாய் அசையறது மட்டும்தான் தெரியுது. "நர்ஸ் வேலை பாக்கறேன், வீட்டுக்கு வந்தா இங்கயும் ஒரு பேஷன்டு"ன்னு கமலாக்கா திட்டுது.

ஹாமர்ஸ்மித் பக்கம் ஒரு பழைய தியேட்டர். வெளியில குளிர்ல க்யூ. எல்லாம் கறுப்பு கோட்டு, சாவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறாங்க, யாரும் பேசல. உள்ள போய் முதல் சத்தம் வந்துச்சு பாரு, காதுக்கு வரல மச்சான், நெஞ்செலும்புக்கு வந்துச்சு. நம்ம கேசட்ல அந்த அடி சத்தமே இல்ல. இத்தனை நாளா நாம பாதிப் பாட்டைத்தான் கேட்டிருக்கோம்.

இதுக்கு மேல நான் எழுதப் போறதில்ல, எல்லாம் கேசட்ல இருக்கு. ஒண்ணு விடாம சொல்லுன்னு சொன்னியா, எனக்கோ ஞாபக சக்தி எப்படின்னு உனக்கே தெரியும். அதனால பாட்டு நடக்கும்போதே ரெக்கார்டர்கிட்ட வாயை வச்சு உனக்குச் சொல்லிக்கிட்டே இருந்தேன். பக்கத்துல இருந்த வெள்ளைக்காரப் பொண்ணு ரெண்டு தடவை "ஷ்"னு சொல்லுச்சு. மூணாவது தடவை, "யார்கிட்ட பேசற?"ன்னு கேட்டுச்சு. "சிங்கப்பூர்ல இருக்கிற என் ஃப்ரெண்டுகிட்ட"ன்னு சொன்னேன். அப்புறம் அது இடம் மாறி உக்காந்துடுச்சு.

நான் போட்டுக் கேக்கல. பாட்டரி செத்துப்போச்சு, அக்காவும் ரெக்கார்டரைத் திருப்பி வாங்கிடுச்சு. இன்னைக்கே தபால்ல போடறேன், இல்லைன்னா நீ தூங்க மாட்ட.

சனிக்கிழமை சனிக்கிழமை கேம்டன்ல ஒரு கடையில சின்தசைசர் கீபோர்டு ரிப்பேர் வேலைக்குப் போறேன்னு சொன்னேன்ல. போன வாரம் ஒரு மிஷினைத் திறந்தேன். உள்ள பாத்தா, நீ ரூம்ல படம் வெட்டி ஒட்டி வச்சிருக்கியே, அதே மாடல். கொஞ்ச நேரம் கை வைக்காம பாத்துக்கிட்டே இருந்தேன்.

புக்கிட் பாஞ்சாங் புது வீட்டுக்கு அம்மா மாறிட்டாங்களாம். நேரம் இருந்தா போய் ஒரு எட்டு பாரு.

காது கேக்காத,
தங்கராஜு


பூன் லே
29 நவம்பர் 1982

டேய் வாயாடி,

கேசட் வந்துச்சு. நடந்ததை வரிசையா சொல்றேன், நடுவுல பாய்ஞ்சு போகாம படி.

நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். தனியா போட்டுக் கேக்காம, பேரிஷ் ஹால்ல எல்லாருக்கும் போடறேன்னு சொல்லிட்டேன். லண்டன்ல இருந்து நேரா வந்த ரெக்கார்டிங்குன்னு ஃபேக்டரி பூரா பேசிட்டேன். ரவூப் வந்தான், ஃபேக்டரி சீனப் பையன் அ செங் அவன் தங்கச்சியோட வந்தான், கேசட் கடைக்காரரு கடையை மூடிட்டு வந்தாரு. உங்கம்மாவைப் பாக்கப் போனப்ப சொன்னேன். "என் மகன் அனுப்பினதை ஊரே கேக்கும், நான் கேக்கக் கூடாதா"ன்னு அவங்களும் டப்பா நிறைய கறிபஃப் சுட்டு எடுத்துட்டு வந்துட்டாங்க.

லைட்டை அணைச்சு ப்ளே அமுக்கினேன். கொஞ்ச நேரம் கூட்டத்தோட சத்தம். அப்புறம் அந்த முதல் அடி, ஹால் கதவே ஆடுச்சு. எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கோம். அப்பதான் ஸ்பீக்கர்ல இருந்து பெருசா ஒரு குரல்: "டேய் இஞ்ஞாசி, லைட்டு நீலமா மாறிடுச்சு டா. நாலு பேருன்னு நினைச்சோம்ல, மூணு பேருதான் நிக்கிறாங்க. நடுவுல இருக்கிறவனுக்கு முடி கொட்டிடுச்சு."

எனக்கு எங்க போய் ஒளியறதுன்னு தெரியல. உங்கம்மா மட்டும், "அட, நம்ம தம்பி"ன்னு கை தட்டினாங்க.

ஆஃப் பண்ணப் போனேன். அ செங் கையைப் பிடிச்சுட்டான். "ஹீ சே வாட்?" சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. "தென்?" அடுத்ததைச் சொன்னேன். அப்படியே ஆரம்பிச்சது தான். நீ தமிழ்ல சொல்ல, நான் எழுந்து நின்னு இங்கிலீஷ்ல சொல்ல, பாதி நேரம் கையாலயும் காட்ட. இடது பக்கத்துக்காரன் ஒரே ஒரு விரலால வாசிக்கிறான்னு நீ சொன்னதும் ரவூப் எழுந்து வாசிச்சே காட்டினான். கேசட் கடைக்காரரு, "இந்த மாதிரி ரெக்கார்டிங் எங்கயும் கெடைக்காதுப்பா"ன்னாரு. கிண்டலா நிசமான்னு இப்பவும் எனக்குத் தெரியல. கொஞ்ச நேரத்துல எனக்கு ஹால் மறந்துபோச்சு லா. நான் அங்கதான் நிக்கிறேன், அந்த ஒயரெல்லாம் என் கால்கிட்ட கிடக்கு.

பஸ் பாட்டு வந்துச்சு. நீ பேசவே இல்ல. பாட்டு முடியற வரைக்கும் ஒரு வார்த்தை இல்ல. ஏன்டா?

இனிமேதான் விஷயம். கை தட்டி எல்லாம் முடிஞ்சு, நீ தெருவுக்கு வந்துட்ட. காரு போற சத்தம் கேக்குது. நீ இன்னும் பேசற. "டேய் இஞ்ஞாசி, அந்தக் கடையில ஃபுல் டைம் வேலை தர்றேன்னு சொல்றாங்க. நான் ஜூன்ல திரும்பி வர மாட்டேன்னு நினைக்கிறேன். அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

ஹால்ல எல்லாரும் என் வாயையே பாக்கறாங்க. ஒரு பக்கம் அ செங், "ஹீ சே வாட்? ஹீ சே வாட்?" நான் என்ன பண்றது. "கான்சர்ட் முடிஞ்சுடுச்சாம், பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போறானாம்"னு இங்கிலீஷ்ல சொல்லிட்டேன். தமிழ் புரியாதவங்க எல்லாரும் கை தட்டினாங்க. உனக்குத்தான்.

உங்கம்மா கை தட்டல. கறிபஃப் டப்பாவை மூடி, பிளாஸ்டிக் பையில வச்சு, முடிச்சுப் போட்டாங்க. நான் வாசல் வரைக்கும் போனேன்.

"தம்பி, பஸ் பிடிக்கப் போறான்னா சொன்னான்?"

"ஆமாம்மா."

"சரி. பஸ்ஸு லேட்டா வரும் போல."

அவ்வளவுதான் சொன்னாங்க. ஜூரோங்ல இருந்து புக்கிட் பாஞ்சாங் வரைக்கும் கூடவே போய் விட்டுட்டு வந்தேன். வழி பூரா புது வீட்டுல பைப்பு ஒழுகுறதைப் பத்தியே பேசினாங்க.

இடது பக்கத்துல இன்னும் யாரும் உக்காரல. நீ என்கிட்டயாவது முதல்லயே சொல்லியிருக்கலாம்.

இஞ்ஞாசி


லண்டன்
12 டிசம்பர் 1982

இஞ்ஞாசி,

உன் லெட்டரைப் படிச்சதும் எனக்கு வேர்த்துடுச்சு, வெளியில பனி கொட்டுது. ஸ்டாப் பட்டனை அமுக்கிட்டேன்னு நினைச்சுக்கிட்டு நடந்தேன் டா. பேச ஆரம்பிச்ச வாய் நிக்கல. நீ பக்கத்துல நடந்து வர்ற மாதிரியே இருந்துச்சு, அதான் உன்கிட்ட சொல்லிட்டேன். கேசட்ல சொன்னதா நினைக்கல.

பஸ் பாட்டுக்கு ஏன் பேசலைன்னு கேட்ட. மத்த பாட்டுக்கெல்லாம் நீ அங்க இல்லையேன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். அந்தப் பாட்டு வந்ததும் நீ அங்கதான் இருந்த. பக்கத்துல நிக்கிறவனுக்கு யாராவது கமெண்டரி சொல்லுவாங்களா?

கடை விஷயம் நிசம். மேடையில பாத்தேனே, அந்த மாதிரி மிஷினெல்லாம் ரிப்பேருக்கு இங்க வருது. திறந்து பாத்து, எந்த சத்தம் எங்க இருந்து பிறக்குதுன்னு கண்டுபிடிக்கிறேன். காலையில எந்திரிச்சதும் எப்படா போவோம்னு இருக்கு. இந்த மாதிரி எனக்கு இதுவரைக்கும் இருந்ததில்ல. படிப்பு முடிஞ்சதும் சேந்துக்கோன்னு சொல்றாங்க. ஜனவரி கடைசிக்குள்ள பதில் சொல்லணும்.

ஆனா நாம ரெண்டு பேரும் ஒண்ணு பேசி வச்சிருக்கோம். நீ ஃபாதர்கிட்ட வரைக்கும் போய் சொல்லிட்ட. அம்மா வேற அந்தப் புது வீட்டுல எனக்குன்னு ஒரு ரூம் ஒதுக்கி வச்சிருக்காங்களாம், அக்கா சொல்லுச்சு. நீ வான்னு சொன்னா வந்துடறேன். சும்மா சொல்லல. ஒரு வார்த்தை எழுது போதும்.

அம்மா கோவமா இருக்காங்களா? அவங்ககிட்ட இருந்து லெட்டரே இல்ல.

கிறிஸ்மஸ் கேக் எனக்கும் சேத்துச் சாப்பிடு.

தங்கராஜு


பூன் லே
16 ஜனவரி 1983

டேய் தங்கராஜு,

ஏன் லேட்டுன்னு திட்டாதே. இந்தப் பார்சல்ல இருக்கிற கேசட் ரெடியாகாம எழுத மாட்டேன்னு இருந்தேன்.

முதல்ல கோவப்பட்டேன், அதையும் சொல்லிடறேன். ரவூப்கிட்ட ஒரு வாரம் உன்னைப் பத்தி தப்புத் தப்பா பேசினேன். அவன் எல்லாத்தையும் கேட்டுட்டு, "உனக்கு அந்த வேலை கெடைச்சா நீ என்ன பண்ணுவ?"ன்னு கேட்டான். "அடுத்த ப்ளேன்ல போயிடுவேன்"னு சொன்னேன்.

உங்கம்மாவைப் பாக்கப் போனேன். நீ எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். கோவமெல்லாம் இல்ல. "அவன் ரேடியோவைப் பிரிச்சுப் போட்டப்பவே தெரியும், இந்தப் பய வீட்டுக்கு அடங்க மாட்டான்னு. என்கிட்ட நேராச் சொல்லாம ஊருக்கெல்லாம் ஸ்பீக்கர்ல சொல்றான் பாரு, அதுக்குத்தான் நான் எழுதல"ன்னாங்க. அப்புறம் அந்த ரூமைத் திறந்து காட்டினாங்க. புதுக் கட்டிலு, புதுத் தலையணை, ஜன்னல்ல பூப்போட்ட திரை. வாசல்ல நின்னுக்கிட்டே, "சும்மா கிடக்குது. நீங்க எங்க போட்டு அடிக்கிறீங்க, அந்தப் பொட்டியெல்லாம்?"னு கேட்டாங்க.

அதனால இப்ப சனிக்கிழமை ப்ராக்டிஸ் உன் ரூம்லதான். ஆம்ப்ளிஃபையர் உன் கட்டில் மேல. இடது பக்கம் ரவூப். அவன் ஒரு விரல்ல வாசிக்கிறான், நீ சொன்ன மாதிரியே. மோசமில்ல. கீழ் வீட்டுப் பாட்டி ஒரு தடவை கதவைத் தட்டுச்சு. உங்கம்மா வெளிய போய், "என் மகன் லண்டன்ல இதே வேலைதான் பாக்கறான்"னு பெருமையா சொல்லி அனுப்பிட்டாங்க.

ஜூன் வரைக்கும் காத்திருக்கல. போன வாரம் பேரிஷ் ஹால்ல வாசிச்சுட்டோம். கேசட் அதுதான். போட்டதும் பயந்துடாதே, முதல்ல கேக்கறது என் வாய்தான். வாசிச்சுக்கிட்டே உனக்குச் சொல்லிக்கிட்டு வந்தேன், ஃபாதர் எங்க உக்காந்திருக்காரு, எப்ப காதைப் பொத்தினாரு, எந்த இடத்துல ரவூப் தப்பு விட்டான், எல்லாம். பஸ் பாட்டுக்கு மட்டும் நானும் பேசல. காரணம் நீயே எழுதிட்ட.

நீ ஒரு வார்த்தை எழுதச் சொன்ன. இரு. அதுதான் வார்த்தை. கடைக்காரங்ககிட்ட சரின்னு சொல்லிடு. அங்க இருக்கிற எல்லா மிஷினையும் திறந்து பாத்துட்டு, எப்படி இருக்குன்னு எனக்கு எழுது. அடுத்த தடவை ஸீரோ பார்க் வந்தா எனக்கும் ஒரு டிக்கெட் எடு. எப்படியாவது வந்து சேருவேன். அந்த வெள்ளைக்காரப் பொண்ணு உக்காந்த சீட்டு எனக்கு.

கேசட்டைக் கடைசி வரைக்கும் ஓட விடு. நாங்க முடிச்சு, கூட்டம் எழுந்தப்புறம், உங்கம்மா வந்து ரெக்கார்டரைக் கையில எடுத்தாங்க. "இது ஓடுதா"ன்னு கேட்டாங்க. ஓடுதும்மான்னேன். அப்படியே திரும்பி நின்னு உன்கிட்ட பேசினாங்க, ரொம்ப நேரம். நான் பக்கத்துல நிக்கல, ஒயரைச் சுத்திக்கிட்டு இருந்தேன். ஆனா காதுல விழுந்துச்சு.

அ செங் வந்து என் தோள்ல தட்டினான். "ஹிஸ் மதர் சே வாட்?"

பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போறாங்களாம்னு சொன்னேன்.

என்னைக்கும் உன்,
இஞ்ஞாசி